நால்வருக்கு ஒரு கண்

ஜூலை மாதத்தில் எங்கள் எல்வ்னேஸ் மாவட்ட மருத்துவமனையில் யாருக்கும் நோய் வருவதில்லை. வருவதற்கு ஏற்பாடு இல்லை. மருத்துவர்கள் ஏரிக்கரை வீடுகளுக்குப் போய்விடுவார்கள். செவிலியர்கள் அடுத்த ஏரிக்கு. நோயாளிகளும் இங்கிதம் தெரிந்தவர்கள். ஆகஸ்ட் பாதி வரைக்கும் வலியைத் தள்ளிவைத்துக்கொள்வார்கள். வட ஸ்வீடனில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஆண்டு, விடுமுறைக்கு முந்தைய புதன்கிழமை, கண் பிரிவில் ஒரே ஒரு அறுவை நேரம் மிஞ்சிப்போனது. அதற்கு உரியவராக இருந்த மூதாட்டி, முறை வருவதற்குள் காலமாகிவிட்டார். பிற்பகல் இரண்டு மணி முதல் இருபத்தெட்டு நிமிடம். ஒரு கண்ணின் புரையை எடுத்து லென்ஸ் வைக்கப் போதுமானது.

முன்பெல்லாம் இப்படி மிஞ்சினால் டாக்டர் ஆல்ம் பட்டியலைப் பார்ப்பார், ஒருவரைக் கூப்பிடுவார், முடிந்தது. ஆனால் அந்த வசந்தத்தில்தான் மாவட்ட நிர்வாகம் ‘இணைந்த நலம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதன்படி நோயாளி இனிமேல் சிகிச்சை பெறுபவர் அல்லர், சிகிச்சையின் பங்காளி. ஆகவே மிஞ்சிய நேரம் யாருக்கு என்பதைக் காத்திருக்கும் நோயாளிகளே கூடி, ஒத்துழைத்து, சமத்துவத்தோடு தீர்மானிக்க வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. இதைத் தீர்மானித்த கூட்டத்தில் நோயாளிகள் யாரும் இல்லை.

கண்புரை முற்றிய நான்கு பேருக்கு அழைப்பு வந்தது. பொடி எழுத்தில் பதினோரு பக்கம். கூடவே, புரியாதவர்களுக்காக எளிய மொழியில் ஒரு பதிப்பு. அது பத்தொன்பது பக்கம்.

நான்கில் ஒருத்தி நான், டீரா. நாளிதழின் மரண அறிவிப்புப் பக்கத்தை என்னால் படிக்க முடியாமல் போயிருந்தது. என் வயதில் நண்பர்களைப் பற்றிய செய்தி அங்கேதான் வரும். இன்னொருத்தி குன்ஹில்ட், பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் அதட்டிப் பழகியவள். சதுப்பு நிலத்தில் மஞ்சள் பெர்ரி பழுக்கும் ரகசிய இடம் ஒன்று அவளுக்குத் தெரியும். போன வருடம் அங்கே போய் வாளி நிறைய இலை பறித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது ஆள் ஒசியன். வேட்டைக்குழுவில் அவரை இனிமேல் காபி போடுவதற்கு மட்டும் வரச்சொல்லிவிட்டார்கள். போன இலையுதிர் காலத்தில் அவர் குறிபார்த்தது கடமானை அல்ல, குழுத்தலைவரை.

நான்காவது எவெர்ட். எங்கள் தெருக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் மனைவி கெர்ட்ரூட் நாற்பத்தேழு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அக்கரையில், மறதி நோயாளிகளுக்கான இல்லத்தில் இருக்கிறாள். எவெர்ட் யார் என்பது அவளுக்குத் தெரியாது. ஆனாலும் இரவுச் சாப்பாட்டை அவர் கையால் ஊட்டினால்தான் வாயைத் திறப்பாள். தினமும் நான்கு மணிக்கு எவெர்ட் கார் எடுப்பார். கோடை அட்டவணையில் அந்தப் பக்கம் பேருந்து வாரத்துக்கு இரண்டே முறை. ஜூலை பதினைந்துக்குள் கண் சான்றிதழ் வராவிட்டால் ஓட்டுநர் உரிமம் ரத்து என்று அவருக்குக் கடிதம் வந்திருந்தது. இது தெருவுக்கே தெரியும். அவராக ஒருவரிடமும் சொன்னதில்லை.

கூட்டம் பன்னிரண்டு மணிக்கு. வட்டமாக நாற்காலிகள். பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர் லோவிசா, மஞ்சள் காகிதத் துண்டுகளோடும் கம்பளியால் சுற்றிய ஒரு ஆற்றுக்கல்லோடும் வந்தாள். நல்ல பெண். அவளை யாராலும் கோபித்துக்கொள்ள முடியாது. திட்டத்தின் பெரிய குறையே அதுதான்.

“இன்னைக்கு முடிவு எடுக்கப்போறது நாங்க இல்ல. நீங்க,” என்றாள்.

“டாக்டர் எடுத்தா என்ன கேடு?” என்றார் ஒசியன்.

“அது மேலேருந்து கீழே வர்ற முடிவு. நாம இப்போ பக்கவாட்டுல போறோம்.”

“நண்டு மாதிரியா?”

லோவிசா ஒரு காகிதத்தில் ‘நகைச்சுவை உணர்வு’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். பிறகு கல்லைக் காட்டி விளக்கினாள். கல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். அவரவர் தேவையை அவரவர்தான் சொல்ல வேண்டும். ஒருவர் தேவையை இன்னொருவர் தேவையோடு ஒப்பிடக் கூடாது.

“ஒப்பிடாம எப்படிம்மா ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கிறது?” என்று கேட்டேன்.

“கேட்டுக் கேட்டு,” என்றாள் லோவிசா. “மனசு திறந்து கேட்டா முடிவு தானா வரும்.”

கல் முதலில் எவெர்ட்டிடம் போனது. அவர் அதை விலாசம் இல்லாத பார்சல் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல,” என்றார். “வேற யாருக்காவது குடுங்க.”

குன்ஹில்டுக்குப் பொறுக்கவில்லை. “இவனா அவசரம் இல்லங்கிறான்? இவன் பொண்டாட்டி அங்க...”

லோவிசா மெல்லக் கையை உயர்த்தினாள். “குன்ஹில்ட், நாம மத்தவங்களுக்காகப் பேசுறதில்ல. அது அவங்க குரலைப் பறிக்கிற மாதிரி.”

“அவன் குரல் எங்கம்மா இருக்கு பறிக்கிறதுக்கு? கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்கான் பாரு!”

“மௌனமும் ஒரு குரல்தான்.” ‘மௌனம்’ என்று இன்னொரு காகிதம் சுவருக்குப் போனது.

கல் ஒசியனிடம் வந்தது. “நான் காபி போட்டே காலத்தை ஓட்டிடுவேன். எனக்கு வேண்டாம்.” குன்ஹில்ட், “பெர்ரி எங்கயும் ஓடிடாது, எனக்கும் வேண்டாம்,” என்றாள். என் முறையும் வந்தது. எனக்கு வேண்டும் என்பது தொண்டை வரைக்கும் வந்தது. எங்கள் ஊரில் அதற்குமேல் அது வருவதில்லை. “மத்தவங்க எடுத்துக்கட்டும்,” என்றேன். சொன்னதும் என்னைப் பற்றி எனக்கே ஒரு மதிப்பு உண்டானது.

இப்படி மூன்று சுற்று. இதற்கிடையில் மேசைமேல் இருந்த இலவங்கப்பட்டை பன்கள் தீர்ந்து தட்டில் ஒன்று மிஞ்சியது. கடைசி பன்னை எடுப்பவரை எங்கள் பக்கத்தில் மனிதராக மதிக்க மாட்டார்கள். ஒசியன் அதில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டார். குன்ஹில்ட் மீதியில் பாதி. நான் அதில் பாதி. எவெர்ட் விரல்நகம் அளவு கிள்ளிக்கொண்டார். தட்டில் இன்னும் கொஞ்சம் இருந்தது. எல்லோரும் அதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதைப் பார்த்துத்தான் ஒசியனுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

“நேரத்தையும் இதே மாதிரி பங்கு போட்டா என்ன? இருபத்தெட்டு நிமிஷம். ஆளுக்கு ஏழு.”

அவர் கேலியாகத்தான் சொன்னார். லோவிசாவின் முகம் மலர்ந்துவிட்டது. உடனே கண் பிரிவுக்குத் தொலைபேசினாள். பங்காளிகள் எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“ஏழு நிமிஷமா?” என்றார் டாக்டர் ஆல்ம். “தாராளமா. ஏழு நிமிஷத்துல ஒவ்வொருத்தருக்கும் பழைய லென்ஸை எடுத்துடலாம். புதுசை அடுத்த வருஷம் வச்சுக்கலாமா?”

“அது நீண்டகாலத் தொடர்பை உருவாக்கும்,” என்றாள் லோவிசா, எழுதிக்கொண்டே.

“அம்மா தாயே, மூணு மணிக்கு என் பிள்ளைங்க கார்ல ஏறி உக்காந்துடும். யாரையாவது ஒருத்தரை அனுப்புங்க. யாரா இருந்தாலும் சரி.”

“‘யாரா இருந்தாலும்’னு நாம சொல்றதில்ல, டாக்டர்.”

“சரி. இன்னொண்ணு. கண்பாவை விரிய சொட்டு மருந்து முன்னாடியே போடணும். வரப்போறவங்களுக்கு இப்பவே போட்டாத்தான் உண்டு.”

வரப்போவது யார் என்று தெரியாது. ஒருவருக்கு மட்டும் போட்டால் முடிவை முன்கூட்டியே திணித்ததாகிவிடும். எனவே தயார்நிலையில் சமத்துவம் பேணும் பொருட்டு நால்வருக்கும் மருந்து விடுவது என்று முடிவாயிற்று. அன்று எடுக்கப்பட்டதிலேயே வேகமான முடிவு அது.

செவிலி சீசாவோடு வந்தாள். எவெர்ட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் நாலு மணிக்கு வண்டி ஓட்டணும்,” என்றார். “இதைப் போட்டா ஓட்ட முடியாது. கெர்ட்ரூட்...”

எங்கள் முன்னால் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

லோவிசா கனிவாகச் சிரித்தாள். “எவெர்ட், கல் இப்போ உங்க கையில இல்ல.”

கல் ஒசியன் மடியில் இருந்தது. ஒசியன் அதை அவசரமாக எடுத்து நீட்டினார். “இந்தாய்யா, பிடி, சொல்லித் தொலை!” அதற்குள் எவெர்ட் தலையைப் பின்னால் சாய்த்துவிட்டார். மற்ற மூவரும் போட்டுக்கொண்டாயிற்று. தான் மட்டும் மாட்டேன் என்று சொல்லும் வகை மனிதர் அல்ல அவர். செவிலி இரண்டு சொட்டு விட்டாள். அவர் கன்னத்தில் வழிந்தது மருந்துதான் என்று நினைக்கிறேன்.

அரை மணி நேரத்தில் ஜன்னல் வெளிச்சம் எங்கள் கண்ணுக்குள் கொட்டியது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாக நான்கு மேகங்கள் உட்கார்ந்திருந்தோம். இந்தமுறை டாக்டர் ஆல்மே தொலைபேசினார். “இன்னும் பத்து நிமிஷம்தான். அப்புறம் நான் விளக்கை அணைச்சிட்டுக் கிளம்பிடுவேன்.”

லோவிசா முதல்முறையாகக் கலங்கினாள். கையேட்டைப் புரட்டி வழி கண்டுபிடித்தாள். ரகசிய வாக்கெடுப்பு. “ரகசியம்னா யார் மனசும் நோகாது,” என்றாள். ஆளுக்கு ஒரு தாளும் தடித்த கறுப்புப் பேனாவும் கொடுத்தாள்.

நான் எவெர்ட் பெயரை எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். அப்புறம் ஒரு கணக்கு வந்தது. குன்ஹில்ட் எவெர்ட்டுக்குத்தான் போடுவாள். வாய் திறந்தே சொல்லிவிட்டாளே. ஒசியனும் அவருக்குத்தான், கல்லையே நீட்டினாரே. ஆக எவெர்ட் ஜெயித்தாயிற்று. என் ஓட்டு வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். அப்படி ஒன்றுக்கும் உதவாத ஓட்டில் ஒரு கிழவி தன் பெயரை எழுதிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? கொட்டை எழுத்தில் ‘டீரா’ என்று எழுதினேன். எழுதியது என் கண்ணுக்கே தெரியவில்லை.

லோவிசா தாள்களைப் பிரித்தாள்.

“குன்ஹில்ட், ஒண்ணு. ஒசியன், ஒண்ணு. டீரா, ஒண்ணு.” கடைசித் தாள். “டீரா. ரெண்டு! வாழ்த்துகள்!”

அவள் ஒருத்திதான் கைதட்டினாள். நான்கு பேர் போட்ட ரகசிய வாக்கெடுப்பில் ரகசியம் நிற்க இடம் கிடையாது. அவரவர் மனதில் கணக்குப் போடும் சத்தம் கேட்காத குறைதான். மூன்று பேர் ஒரே கணக்கைத்தான் போட்டிருந்தோம். நான்காமவருக்குக் கணக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பெயரை எழுதிவிட்டார்.

“நீ... நீ யாருக்குய்யா போட்ட?” என்றார் ஒசியன், குரல் இறங்கி.

“ரகசியம்ப்பா,” என்றார் எவெர்ட். “போ டீரா. டாக்டர் காத்திருக்காரு.”

அப்போது நான் மறுத்திருக்கலாம். பன்னிரண்டு மணியிலிருந்து அதைத்தானே பயிற்சி செய்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். “நன்றி” என்று வந்தது.

அறுவை நன்றாக நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது உலகம் வண்ணான் வெளுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. ‘இணைந்த நலம்’ அறிக்கையில் எங்கள் படம் வந்தது: மருத்துவமனை வாசலில், மற்ற மூவரும் வெயிலில் கண் கூசி, விழாமலிருக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. ‘நோயாளிகளிடையே மலர்ந்த நெருக்கம்’ என்று கீழே போட்டிருந்தது. அந்த எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படித்தேன். அறுவை நடந்த அன்று மாலை கெர்ட்ரூட் தட்டைத் தள்ளிவிட்டாளாம். அது அறிக்கையில் இல்லை.

ஜூலை இருபத்தோராம் தேதி மருத்துவமனையிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே எவெர்ட் எழுதிய கடிதம், மேலே இணைத்த ஒரு குறிப்பு. குறிப்பு சொன்னது: ‘மேற்படி நேரம் நோயாளிகளின் சொந்த முடிவின்படி ஒதுக்கப்பட்டதால், அது குறித்த கோரிக்கைகளுக்குப் பதிலளிக்கும் பொறுப்பும் நோயாளிகளையே சாரும். அதிக வாக்குகள் பெற்றவர் என்ற முறையில் தங்கள் நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது. முப்பது நாட்களுக்குள் பதில் தரவும்.’

எவெர்ட்டின் கடிதம் நான்கே வரி. யாரிடம் போகும் என்று தெரியாமல் எழுதியிருக்கிறார். உரிமம் போய்விட்டது. பேருந்து செவ்வாயும் வெள்ளியும்தான். மற்ற நாட்களில் அவள் சாப்பிடுவதில்லை, இரண்டு கிலோ இளைத்திருக்கிறாள். இடையில் ஏதாவது நேரம் காலியானால், யாருக்கும் தொந்தரவு இல்லையென்றால், தன்னை நினைவில் வைக்க முடியுமா?

அன்று மாலை முழுவதும் மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். ‘அன்புள்ள எவெர்ட்’ என்று தொடங்கி மூன்று தாளைக் கிழித்தேன். நான் செய்தது இன்னது என்று எழுதப் போனால் பேனா நின்றுவிடுகிறது. கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. பிடிபட்ட பிறகு வாக்கியங்கள் தாமாகவே வந்தன.

‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தங்கள் நிலைமை உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி முடிவு அனைவரின் பங்கேற்புடனும் சமத்துவ அடிப்படையிலும் எடுக்கப்பட்டதாகையால், தற்போது அதில் மாற்றம் செய்ய இயலாத நிலையில் உள்ளோம். தங்கள் பொறுமைக்கு நன்றி.’

‘உள்ளேன்’ என்றுதான் எழுத நினைத்தேன். ‘உள்ளோம்’ என்று வந்துவிட்டது. அதுவே நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

தபால்தலை ஒட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தபால் பெட்டிக்குப் போகும் வழியில்தான் எவெர்ட் வீடு. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன். அவர் கையை உயர்த்தி வணக்கம் சொன்னார், போகிறவர் யாராக இருந்தாலும் சொல்லுவதுபோல. அந்தத் தூரத்தில் அவருக்கு என்னைத் தெரிந்திருக்காது.