பதினோரு மணிக்கு நான்கு அடித்த கடிகாரம்

என் ஒரே தங்கை பெற்ற ஒரே மகளும், அருங்காட்சியகத்தில் பழைய சாமான்களுக்குக் காவலாக உத்தியோகம் பார்ப்பவளும், பெரியவர்கள் எழுதும் கடிதத்தைக் கடைசி வரி வரை படிக்கும் நல்ல வழக்கம் உள்ளவளுமாகிய அன்பு மருமகளுக்கு, தாய்மாமன் மிகுந்த சந்தோஷத்தோடு எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, ஓடுகிற கடிகாரம் ஒன்று ஆகிய மூவரும் சுகம். ஓடாத முப்பத்தாறும் அவ்விதமே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் புது வீடும் சுகமாக இருப்பீர்களாக. புது வீட்டில் எட்டுச் சுவரும் ஒரு படம்கூட இல்லாமல் மொட்டையாக நிற்கிறது என்று உன் அம்மா போனில் குறைப்பட்டுக்கொண்டாள். அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

முதலில் செய்தி. ஜெயித்துவிட்டேன். பழங்கடிகாரம் சேர்ப்போர் சங்கத்தின் கண்காட்சியில், ஆயிரம் பேர் கூடியிருந்த மண்டபத்தில், ஒரு முழ உயரக் கோப்பை நம் குடும்பத்துக்குக் கிடைத்துவிட்டது. உன் அத்தை அளவுநாடாவை வைத்துப் பார்த்து ஒரு சாண்தான் என்கிறாள். அவள் கைப்பிடியைச் சேர்க்கவில்லை.

இந்த வெற்றியின் ருசி உனக்குப் புரிய வேண்டுமானால் சென்ற மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். உன் அத்தையின் தையல் மிஷின் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில், வெளிச்சமே எட்டிப் பார்க்காத இடத்தில். நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அவள் எழுந்து நாற்காலியைத் தள்ளி வழிவிட வேண்டும், திரும்பி வரும்போது மறுபடியும் எழ வேண்டும். முன்னறையில் நல்ல ஜன்னல் இருக்கிறது, ஆனால் ஜன்னலோரம் ஒன்பது கடிகாரம், அலமாரியில் பதினான்கு, சுவரில் எட்டு, மீதி நாற்காலிகளில். வருகிற விருந்தாளி நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறார். ஒருநாள் அவள் நீல நூலென்று நினைத்து, ஒரு நீலச் சட்டைக்குக் கறுப்பு நூலில் கை வைத்துத் தைத்துவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்குக் கெடு வைத்தாள். சத்தம் போடவில்லை, துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"கண்காட்சிக்கு ஒண்ணே ஒண்ணு கொண்டு போங்க. விஷயம் தெரிஞ்ச ஒருத்தராவது அதை நெசமாவே பழசுன்னு சொல்லிட்டா, அந்தக் கடிகாரம் யாருதோ முன்னறை அவங்களுது. சொல்லலைன்னா திங்கட்கிழமை காலையில எல்லாம் வண்டி ஏறுது."

வண்டியென்றால் பழைய இரும்புக்கடைக்காரரின் வண்டி. அதை ஏற்பாடு செய்தது யார் என்று நினைக்கிறாய்? அவளுடைய அண்ணன், என் மச்சான், முப்பத்திரண்டு வருஷம் ரயிலுக்குக் கொடி காட்டி ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். நம் வீட்டில் அவருக்குப் பெயர் ரயில் மச்சான். கையில் பாட்டரி வாட்ச் கட்டியிருப்பார், அது வருஷத்துக்கு ஒரு விநாடி கூடப் பிசகாதாம், அதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வார். நம் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக முன்னறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, உங்க வீட்டுல முப்பத்தேழு கடிகாரம் இருக்கு, மணி என்னன்னு தெரியணும்னா தெருவுல போறவனைக் கேக்கணும்" என்பார். பதினைந்து வருஷமாக அதே வாக்கியம். எண்ணிக்கை மட்டும் வருஷாவருஷம் ஏறிக்கொண்டே வந்தது.

எதைக் கொண்டுபோவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடுவது ஒன்றுதானே. மூடிப்போன தங்கும் விடுதியின் ஏலத்தில் குடை செருகும் ஸ்டாண்டு ஒன்றை நான் எடுத்தபோது, இந்தக் கடிகாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இது ஒரு கப்பல் தலைவனின் மாளிகையில் இருந்தது, இதன் மணியோசை கேட்டுத்தான் துறைமுகமே நங்கூரம் எடுத்திருக்கிறது. ஆதாரம் கேட்காதே, முகத்தில் எழுதியிருக்கிறது. நீ மூன்று கட்டளை எழுதி அனுப்பியிருந்தாய் அல்லவா, முகப்பைத் துடைக்காதே, எண்ணெய் விடாதே, முள்ளைப் பின்பக்கமாகத் திருப்பாதே என்று. மூன்றையும் அப்படியே கடைப்பிடித்தேன். முகப்பை ஐந்திலிருந்து ஏழு வரைதான் துடைத்தேன், ஆறு கொஞ்சம் அழிய ஆரம்பித்ததும் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டேன். எண்ணெயும் வெளியிலிருந்து வாங்கி விடவில்லை, உன் அத்தையின் தையல் மிஷின் எண்ணெயில் அரைப் புட்டிதான். மூன்றாவது கட்டளையை மட்டும் உயிரே போனாலும் மீறவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் அது மூன்று அடித்து ஓய்ந்ததும் பெண்டுலத்தைக் கழற்றி, துவாலையில் சுற்றி, மறுநாள் ரயில் மச்சானின் காரில் உன் அத்தையின் மடியில் வைத்துக் கொண்டுபோனோம். அவர் கார் எதற்கு என்று கேட்பாய். தோல்வியை நேரில் பார்க்க வேண்டுமென்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. சங்கத்தின் படிவத்தை உன் அத்தைதான் நிரப்பினாள், என் கையெழுத்தைப் படிக்க அவர்களுக்குத் தனிப் படிப்பு வேண்டுமாம். மண்டபத்துச் சுவரில் கடிகாரத்தை மாட்டி, பெண்டுலத்தைக் கோத்து ஆட்டிவிட்டேன். முள் இன்னும் மூன்றைத் தாண்டித்தான் நின்றது. ஒவ்வொரு மணியாக அடிக்கவிட்டு முன்னால் திருப்பி வருவோம் என்று நினைத்தபோது, ஒலிபெருக்கிக்காரர் என் பெயருக்கு முன்னால் ஆராய்ச்சியாளர் என்று சேர்க்க மறந்துவிடுவாரோ என்று கவலை வந்தது. போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பினால், முள் சரியாகப் பத்து இருபதில் நிற்கிறது. பக்கத்தில் ரயில் மச்சான், தன் வாட்சைப் பார்த்துக்கொண்டு. உன் அத்தை துவாலையை மடித்துக்கொண்டு. நானும் நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன், பார்வையாளர் கூட்டம் என்னை நெருக்க ஆரம்பித்துவிட்டது, இரண்டு பேர்.

அவர்களுக்குக் கடிகாரத்தின் சரித்திரத்தை ஆதியிலிருந்து சொன்னேன். மனிதன் முதலில் குச்சியை நட்டு நிழலை அளந்தான், மேகம் மூடிய அன்றைக்கு உலகத்தில் மணியே ஆகவில்லை. பிறகு தண்ணீரைச் சொட்டவிட்டு அளந்தான், குளிர் தேசங்களில் அது உறைந்துபோய் மாசக்கணக்கில் காலை எட்டாகவே இருந்தது, ஜனங்கள் வேலைக்குப் போகவே இல்லை. பிறகு மெழுகுவத்தியில் கோடு போட்டு எரித்தார்கள், மணலைக் கவிழ்த்தார்கள், கடைசியில் தொங்குவிளக்கு ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் பெண்டுலம் தோன்றியது. அவர் பெயர் என் புத்தகத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தின் மேல் இப்போது ஒரு கடிகாரம் உட்கார்ந்திருப்பதால் சொல்ல முடியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் நின்றாராம். முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

சரியாகப் பதினோரு மணிக்கு நடுவர் எங்கள் சுவருக்கு வந்தார். நாற்பது வருஷம் கைக்கடிகாரம் பழுது பார்த்த அம்மாள். வலது கண்ணில் பூதக்கண்ணாடி. அதைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டார் என்று பேச்சு, பேசுகிறவன் நான்தான், ஆனாலும் உண்மையாகத்தான் இருக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் கடிகாரம் தொண்டையைக் கனைத்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அவ்வளவுதான். பெரிய முள் பன்னிரண்டில், சின்ன முள் பதினொன்றில், மணி நான்கோடு நின்றுவிட்டது. மண்டபத்து அறுபது நாற்காலியும் திரும்பிச் சிரித்தன. ரயில் மச்சான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து வண்டிக்காரரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். எனக்கு அப்போது கோப்பை ஞாபகத்தில் இல்லை. இரும்புக்கடைத் தராசில் முப்பத்தேழும் குவிந்து கிடப்பதுதான் தெரிந்தது.

அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "கடைசியா எத்தனை அடிச்சு நிறுத்தினீங்க, ஐயா?" என்றார்.

"மூணு" என்றேன். மூன்று விரலையும் காட்டினேன்.

"அப்போ நாலு சரிதானே. யாரோ முள்ளைப் பின்பக்கமா திருப்பியிருக்காங்க. புதுக் கடிகாரமா இருந்தா முள்ளு எங்க நிக்குதோ அதைப் பாத்து அடிக்கும். இது பழைய ஏற்பாடு, முள்ளைக் கண்டுக்காது. தான்பாட்டுக்கு எண்ணிக்கிட்டே போகும். மூணுக்கு அப்புறம் நாலு."

பழைய ஏற்பாட்டைப் பிற்காலத்திலும் செய்திருக்கிறார்கள், அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது என்று, கதவைத் திறந்து இயந்திரத்தையே வெளியே எடுத்தார். அரை மணி நேரம். முதலில் மோந்து பார்த்துவிட்டு இதில் தையல் மிஷின் எண்ணெய் விட்ட புண்ணியவான் யார் என்று கேட்டார், நான் ரயில் மச்சானைப் பார்த்தேன். பிறகு பல் சக்கரங்களைக் காட்டினார், ஒவ்வொரு பல்லும் கையால் அராவியது, ஒன்று போல ஒன்று இல்லை. பின்தகட்டில் ஊசியால் கீறிய எழுத்துகள். பழுது பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் பெயரையும் வருஷத்தையும் கீறிவைத்துவிட்டுப் போவார்களாம், இதில் ஒன்பது பேர், மிகப் பழையது இருநூறு வருஷத்துக்கு முன்னால். "இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே இது ரிப்பேருக்குப் போயிருக்கு" என்று அவர் சொன்னபோது சிரித்த நாற்காலிகள் எல்லாம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தன.

ரயில் மச்சான் போனைப் பைக்குள் போட்டார். அதை நீ பார்த்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதர் ஒரு ரயிலைத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்த முகம்தான் வந்திருக்கும். நான் பெரிய மனசு பண்ணி அவரை எல்லார் முன்னாலும் கட்டிக்கொண்டு, மச்சான், நீங்கள் கெடுதல் நினைத்து முள்ளைத் திருப்பினாலும் எனக்கு நல்லதாகவே முடிந்தது, மன்னித்துவிட்டேன் என்றேன். நான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார். குற்றவாளிகள் அப்படித்தான் சொல்வார்கள். பரிசுக்குப் பெயரை வாசிக்கும்போது ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியதால் ஆராய்ச்சியாளர் என்பது கேட்கவில்லை, எந்தப் பெயருமே கேட்கவில்லை, நான் மேடையேறிவிட்டேன். உன் அத்தையும் பெருமை தாங்காமல் பின்னாலேயே ஏறி வந்தாள், கோப்பையையும் சான்றிதழையும் அவள் கையில் கொடுத்தார்கள், பெண்களுக்கு மரியாதை தெரிந்த சங்கம். நான் ஒரு கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன்.

ஆக முன்னறை இனி என்றென்றைக்கும் கடிகாரங்களுக்கு. ஜன்னலோரத்தில் இன்னும் இரண்டுக்கு இடம் பண்ணலாம் என்று பார்த்து வைத்திருக்கிறேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். சாவி கொடுக்காமலே ஓடும் ஆயுசு உங்களுக்கு வாய்க்கட்டும், வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல், சின்னவர்கள் வந்தால் என் கதையைச் சொல்.

இப்படிக்கு,
கோப்பை வாங்கிய மாமன்

பின்குறிப்பு: கடிதத்தை உன் அத்தை வாங்கிப் படித்தாள். எழுத்துப் பிழை பார்க்கத்தான் கொடுத்தேன். படித்துவிட்டு மிஷினுக்கு நூல் கோத்துக்கொண்டே, "முள்ளை நாந்தாங்க திருப்பினேன். பத்து மணிக்கு மூணு காட்டிக்கிட்டு மாட்டியிருந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? இந்தப் பக்கம் கிட்ட இருந்துச்சு, திருப்பிட்டேன்" என்றாள். ரயில் மச்சானிடம் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்குவது எப்படி என்று தெரியவில்லை. அடுத்து சான்றிதழை எடுத்துக் காட்டினாள். படிவத்தை அவள் நிரப்பினாள் என்றேன் அல்லவா, சொந்தக்காரர் என்ற இடத்தில் தன் பெயரைத்தான் போட்டிருக்கிறாள். குடை ஸ்டாண்டோடு சேர்த்து அவளுக்குத்தானே கொண்டுவந்து கொடுத்தேன் என்கிறாள், அப்படி நான் சொன்னதும் உண்மைதான், ஏலத்திலிருந்து வந்த அன்று திட்டு வாங்காமல் இருப்பதற்காக. கடிகாரம் யாருடையதோ முன்னறை அவருடையது. மிஷின் இப்போது ஜன்னலோரத்தில். அதற்கு நேர் மேலே கடிகாரம். அதைச் சரிபண்ணவும் விடமாட்டேன் என்கிறாள், பதினொன்றுக்கு நான்கு அடிப்பதால்தான் அதற்கு மதிப்பாம்.

இப்போது நான்கு அடிக்கிறது. அதாவது மணி பதினொன்று, வண்டி கிளம்புகிற நேரம். முன்னறையில் இடமிழந்து இரும்புக்கடைக்குப் போக வேண்டியதைக் காலில் விழாத குறையாக உன் வீட்டுக்குத் திருப்பிவிட்டேன். ஆகவே, மருமகளே, இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இன்னும் போகாமல் உன் வாசலில் நிற்கிறாரே ஒருவர், அவர் தபால்காரர் இல்லை. எட்டுச் சுவருக்கு முப்பத்தாறு, சுவருக்கு நாலரை. கதவை நன்றாகத் திறந்து வை, இறக்கும்போது யாரும் முள்ளைத் தொடாமல் பார்த்துக்கொள்.