இருநூற்று நாற்பது கிலோ கேட்ட கழுதை

ஒரு காட்டில், செங்கல் சூளையில் சுமை சுமக்கும் கழுதைகள் இரண்டு இருந்தன. கணவன் பெயர் பொன்னுரங்கம். மனைவி பெயர் செவ்வந்தி. எட்டு ஆண்டுகள் விடாமல் சுமந்த பிறகு, சூளை மேஸ்திரியான எருமை அவற்றுக்கு மூன்று நாள் விடுமுறை கொடுத்தது. மூன்றே மூன்று நாள்தான். அதற்கே நாலு இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

"என்ன செய்யலாம், செவ்வந்தி?" என்று கேட்டது பொன்னுரங்கம்.

"மூணு நாளும் வாலை ஆட்டாம படுத்துக் கிடக்கணும்" என்றது செவ்வந்தி.

ஈயை ஓட்டி ஓட்டி அதன் வால் தேய்ந்துபோயிருந்தது. ஃபேன் இருந்தால் ஈ வராது. ஆகவே பொன்னுரங்கம் ஒரு திட்டம் போட்டது. சர்க்கஸ்காரர்கள் விட்டுப்போன சக்கர வீடு ஒன்று அதனிடம் இருந்தது. அதை நெல்லிமடு ஏரிக்கரைக்கு இழுத்துப் போக வேண்டும். உள்ளே ஒரு மேசை ஃபேனும் ஒரு பல்பும் போட வேண்டும். ஏரிக்கரையில் கரண்டு கிடையாது. எனவே ஒரு ஜெனரேட்டர் வேண்டும்.

முதல் நாள் காலையில் சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு இரண்டும் ஜெனரேட்டர் கடைக்குப் போயின. கடை நிர்வாகி ஒரு கீரி. பெயர் கிருபாகரன். கடை வாசலில் சிவப்புப் பெட்டி போன்ற குட்டி ஜெனரேட்டர் ஒன்று தடதட என்று ஓடிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கு ஓட்டிக்காட்டுவதற்காக அதில் ஒரு மேசை ஃபேனைச் செருகி வைத்திருந்தது கீரி. செவ்வந்தி நேராகப் போய் ஃபேனுக்கு எதிரில் படுத்தது.

"வாங்கண்ணே" என்றது கீரி, ஒரு படிவத்தை எடுத்து வைத்து. "மொத்த லோடு எத்தனை கிலோ?"

இந்த இடத்தை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டர் கடையில் கிலோ என்றால் கிலோவாட். அதாவது எவ்வளவு மின்சாரம் தேவை என்ற கணக்கு. செங்கல் சுமக்கிறவர்களுக்குக் கிலோ என்றால் கிலோதான். அதிலும் கழுதையிடம் போய் லோடு பற்றிக் கேட்டால் அது தப்பாகச் சொல்லாது. வெட்கமும் படாது.

"தண்ணி டிரம் அறுபது கிலோ. புல்லுக்கட்டு அம்பது. பாத்திரம் பதினொண்ணு. பாய் ரெண்டு. ஃபேன் ரெண்டு கிலோ" என்று மனக்கணக்குப் போட்ட பொன்னுரங்கம் சற்றுத் தயங்கியது. "செவ்வந்தி, நீயும் வண்டியிலதானே வர்றே? நூத்தி இருபதுன்னு போட்டுக்கவா?"

"நூத்திப் பதினஞ்சு" என்றது செவ்வந்தி, ஃபேனிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

"மொத்தம் இருநூத்தி நாப்பது கிலோ, தம்பி."

கீரியின் பேனா நின்றது. "அண்ணே, சிங்கராஜா அரண்மனைக்கே அம்பது கிலோதான்."

"ராஜா இழுத்துப் பழக்கமில்லாதவரு. நாங்க பரம்பரையா இழுக்கறோம்."

கீரி அவசரமாக நாற்காலியைத் துடைத்தது. மோர் வரவழைத்தது. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, பெரிய பார்ட்டி ஒன்று வந்திருப்பதாக ரகசியக் குரலில் சொன்னது. பிறகு திரும்பி வந்து, "இருக்குதுண்ணே. குடோன்ல இருந்து வரணும். ஆனா மிஷின் மட்டும் மூவாயிரம் கிலோ எடை" என்றது.

"அதையும் நான்தானே இழுக்கணும்?"

"ஆமா."

"அப்ப அதையும் லோடுல சேர்த்து எழுது."

கீரி சேர்த்து எழுதியது. மூவாயிரத்து இருநூற்று நாற்பது. அந்த லோடுக்கு எந்த ஜெனரேட்டர் தாங்கும் என்று தலைமை அலுவலகத்தில் தேடிச் சொல்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கழுதைகள் கடை வாசலிலேயே தங்கின.

இரண்டாம் நாள் பதில் வந்தது. ஒரு பட்டணத்துக்கே கரண்டு கொடுக்கும் மிஷின் ஒன்று இருக்கிறதாம். அதன் எடை முப்பதாயிரம் கிலோ.

"இதையும் சேர்க்கணுமாண்ணே?" என்று கேட்டது கீரி.

"பின்னே, யாரு இழுப்பா? உங்க தலைமை அலுவலகமா?"

பழைய படிவத்தைக் கிழித்துப்போட்டுப் புதுப் படிவம் எழுதியது கீரி. மூன்று பிரதிகள். அன்றும் மோர் வந்தது. மதியம் ஒரு கூடை கேரட்டும் வந்தது. சிவப்புப் பெட்டிக்குப் பெட்ரோல் தீரத் தீர, கீரி தன் கையாலேயே ஊற்றியது. "அண்ணிக்குக் காத்து வருதா?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டது. அண்ணி தூங்கிப்போயிருந்தது. அதன் வால், கழற்றி வைத்த கயிறு மாதிரி அசையாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் மதியம் வேதமுத்து என்ற பெருச்சாளி கடைக்கு வந்தது. அது வயரிங் வேலை பார்ப்பது. ஃப்யூஸ் வயர் வாங்க வந்த இடத்தில் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டது.

"யாருய்யா இது, முப்பத்தி மூவாயிரத்து இருநூத்தி நாப்பது கிலோவாட்டு? அணைக்கட்டா?"

"நான்தான்" என்றது பொன்னுரங்கம்.

"உன் வண்டியில அப்படி என்னதான் ஓடப்போவுது?"

"ஒரு ஃபேன். ஒரு பல்பு."

பெருச்சாளி இளக்காரமாகச் சிரித்தது. "யோவ், ஃபேன் அறுபது வாட்டு, பல்பு பத்து வாட்டு. இதோ வாசல்ல ஓடுதே, இந்தச் சிவப்புப் பெட்டியே உனக்கு அதிகம். கைப்பிடியைக் கவ்வித் தூக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம்."

கீரி தலைமை அலுவலகத்தை நினைத்துக்கொண்டது. அங்கே இந்நேரம், பெரிய ஆர்டர் பிடித்ததற்காக அதன் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

பொன்னுரங்கம் பெட்டியைப் பார்த்தது. "இதே மாதிரி வேற இருக்கா, தம்பி?"

"இது ஒண்ணுதாண்ணே ஸ்டாக்கு" என்றது கீரி, மெல்லிய குரலில். "வேணும்னா நிறுத்திட்டு பேக் பண்ணித் தர்றேன்."

நிறுத்தினால் ஃபேன் நின்றுவிடும். ஏரிக்கரை இருபது மைல். விடுமுறை அன்று சாயங்காலத்தோடு சரி. போய்ச் சேர்ந்தால் பெட்டியை இறக்க வேண்டும், பெட்ரோல் ஊற்ற வேண்டும், கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும். பொன்னுரங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தது.

செவ்வந்தி ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"கலர் சரியில்லைங்க" என்றது. பிறகு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டது.

"கலர் சரியில்லை, தம்பி" என்றது பொன்னுரங்கம்.

கீரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதானே. அண்ணன் லெவலுக்கு இதெல்லாம் ஒரு மிஷினா? வேதமுத்து, உன் வயரை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டு. அண்ணே, நீங்க உட்காருங்க. மோர் சொல்றேன்."

சாயங்காலம் கடை மூடும்வரை ஃபேன் ஓடியது. கதவைச் சாத்தும்போது, "ஆர்டர் எப்பண்ணே?" என்று கேட்டது கீரி. "யோசிச்சுச் சொல்றேன்" என்று பொன்னுரங்கம் வண்டியை வீட்டுக்கு இழுத்தது.

மறுநாள் சூளையில் எருமை மேஸ்திரி, "என்னய்யா, டூர் எப்படி?" என்று விசாரித்தது.

"காத்து ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"எந்த ஊருக்குப் போனீங்க?"

"அது இன்னும் முடிவாகலை" என்றது பொன்னுரங்கம். "அதுக்குத்தான் இன்னொரு மூணு நாள் லீவு வேணும்."

நீதி: ஒரு பொருளை வாங்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும், கடையில் ஃபேன் ஓடுகிறது என்றால் இன்னும் நன்றாக யோசிக்க வேண்டும்.