பணிமூப்புப் பெற்ற சீட்டு

இனி என்னை நானே ஒரு கம்ப்யூட்டரைப் போல நடத்துவது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். எதிர்ப்பின்றி நிறைவேறியது. அப்போது வீட்டில் நான் மட்டுமே இருந்தேன்.

மூன்று ஆலைகளின் கதவை மூட வைத்தவன் நான். என் துண்டறிக்கையைப் படித்த நிர்வாகிகள் தூக்கம் இழந்தார்கள். இன்று மேடையில் நாற்காலி மிஞ்சினால்தான் தொழிற்சங்கத்தார் என்னைக் கூப்பிடுகிறார்கள். போகட்டும். சங்க வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு மாதமாகத் தலைப்பைத் தாண்டவில்லை. பேனாவை எடுத்தால் நெஞ்சில் ஒரு பிடி. படியேறினாலும் அதே பிடி. இதய டாக்டரிடம் போகச் சொல்லிப் பத்து மாதமாக மனைவி நச்சரிக்கிறாள். லத்திக்கு அஞ்சாதவன்தான் நான். அந்த டாக்டர் என்ன சொல்வாரோ என்று நினைத்தால் மட்டும் உள்ளங்கை வியர்த்துவிடும்.

கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மாப்பிள்ளை போனில் வழி சொன்னார்.

"கம்ப்யூட்டர் மனசு சரியில்லைன்னு உக்காராது மாமா. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண். பெரிய எண் எதுவோ அதை முதல்ல செய்யும்."

முதலாளிகள் கண்டுபிடித்ததில் உருப்படியானது இது ஒன்றுதான். பீரோ கதவில் சீட்டு ஒட்டினேன். வரலாறு எழுதுவது: நூறு. ஒழுகும் குழாய்: ஐந்து. டாக்டர்: ஒன்று.

மனைவி கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தாள்.

"ஏங்க, அப்ப ஒண்ணு வாங்கினது என்னிக்குமே மேல வராதா?"

"வராது. விஞ்ஞானம்."

அவள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அதுக்கும் விதி இருக்கு அத்தை. காத்திருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண் கூடும். இல்லேன்னா சின்ன வேலையெல்லாம் பட்டினியிலயே செத்துடும்."

"டாக்டர் காத்திருக்கிறது பத்து மாசம். முந்நூறு நாள். உங்க நூறைத் தாண்டிடுச்சு," என்றாள் என்னிடம்.

"சீட்டு ஒட்டினதே இன்னிக்குத்தானே! இன்னிலேர்ந்துதான் கணக்கு."

"அப்படியா? தற்காலிகத் தொழிலாளிக்கு வேலைக்கு வந்த நாள்லேர்ந்து சர்வீஸ் எண்ணணுமா, பேர் பதிஞ்ச நாள்லேர்ந்தா?"

நான் சீட்டின் மூலையை அழுத்தி ஒட்டினேன்.

"கேக்கறேன்ல?"

"வந்த நாள்லேர்ந்து."

"அதுக்குத்தானே பதினேழு நாள் ஆலை வாசல்ல பட்டினி கிடந்தீங்க? வீட்டுல நானும் பொண்ணும் கூடவே கிடந்தோமே?"

கொள்கையைக் கைவிட்டவன் என்ற பேரோடு சாவதா? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டர் அறை வாசலில் பதினொரு பேர். என் முறை ஏழாவது. முறை வந்ததும் கால் நகரவில்லை. "உங்களுக்கு அவசரம், நீங்க போங்க" என்று எனக்குப் பின்னால் இருந்தவரை உள்ளே அனுப்பினேன். அடுத்தவரையும் அனுப்பினேன். இருமியவர், இருமாதவர், மருந்து விற்க வந்தவர், எல்லாரையும் அனுப்பினேன். நாலு மணி ஆயிற்று. கூட வந்த மனைவி வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் டாக்டரே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே வந்தார். வீட்டுக்குக் கிளம்புகிறார்! மாதக்கணக்கில் இருந்த பிடி சட்டென்று தளர்ந்தது.

"அம்மா, நீங்க போன்ல சொன்ன மாதிரியே எல்லாரையும் முன்னால விட்டுட்டாரே," என்றார் அவர் என் மனைவியிடம். "கடைசி ஒரு மணி நேரம் இவருக்குன்னே ஒதுக்கி வெச்சுட்டேன். எல்லா டெஸ்டும் எடுத்துடலாம்."