அத்தானின் டிரம்மும் ஒரு மூட்டை மரக்கரியும்

மார்ச் 14, ஞாயிறு, மாலை 4.20. மூட்டையில் மிச்சம்: ஒன்பது துண்டு மரக்கரி, ஒரு கைப்பிடித் தூள்.

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் எழுதுவது. இங்கு நாங்கள் எல்லோரும் சௌக்கியம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அங்கு தாங்களும், தங்கள் வலது முழங்காலும், கம்பெனி விடுதிக் கட்டிலும் நலமாக இருக்கும் என நம்புகிறேன். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் வாக்கியம் முடிவதற்குள் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நான் கத்துவேன், கடைசியில் முழங்காலைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிடுவோம். மின்னஞ்சலில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே முழுதும் படிக்கவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சுற்றி வளைக்க வராது. ராஜினாமாக் கடிதம் பையிலேயே இருக்கட்டும். பம்ப் கம்பெனிக் கணக்குப் பிரிவு நாற்காலியிலேயே ஓய்வு பெறும் வரை உட்காருங்கள். புகையில் வாட்டிய இறைச்சி விற்று நீங்கள் முதலாளி ஆகப்போவதில்லை. அக்கா போட்ட நிபந்தனை நினைவிருக்கும்: ஒரு மூட்டைக் கரி, ஒரு பகல். காலை ஆறுக்கு ஏற்றினால் மாலை ஆறு வரை அதே மூட்டையில் ஓட வேண்டும், நடுவில் யாரும் கரிக்கடைக்கு ஓடக் கூடாது, கறி வெந்திருக்க வேண்டும். நடந்தால் நீங்கள் வேலையை விடலாம். நடக்காவிட்டால் கறி வாட்டுவதற்காக நீங்கள் அடுப்பாக மாற்றி, கொல்லையில் நிறுத்தியிருக்கும் இரும்பு டிரம் பழைய இரும்புக்குப் போகும், அத்தோடு அந்தப் பேச்சும் போகும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் இன்னொரு மூட்டையை ஒளித்து வைத்து ஏமாற்றுவீர்கள் என்று அக்கா சொன்னதால்தான், நீங்கள் வெளியூரில் இருக்கும் ஞாயிறாகப் பார்த்து, தொழிற்சாலைக் கொதிகலன்களைப் பராமரிக்கும் என்னை நியமித்தீர்கள். "நீ இன்ஜினியர், நடுநிலையா இருப்பே" என்றீர்கள். நடுநிலையாகச் சொல்கிறேன். டிரம்மில் குறை இல்லை. குறை எல்லாம் அதைச் சுற்றி நடமாடும் மனிதர்களிடம்தான், அவர்களைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

கரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கரி தீர்மானிப்பதில்லை, காற்று தீர்மானிக்கிறது. மூடி மூடியிருந்தால் டிரம்முக்குள் கீழ்த்துளை வழியாக வரும் காற்று மட்டும்தான். கரி சோம்பேறித்தனமாக எரியும். மூடியைத் தூக்கினால் மேலிருந்து காற்று கொட்டும், தூங்கிக்கொண்டிருந்த துண்டெல்லாம் எழுந்து எரியும், கறியின் சூடு போகும், திரும்ப மூடினால் இழந்த சூட்டை மீட்க இன்னும் கொஞ்சம் கரி சாகும். இதை நான் சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு மெழுகுவத்தி வைத்துச் செய்து காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா இரண்டு முறை ஆட்டினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காலையில் பாதி மூட்டையை டிரம்மில் கொட்டினேன். சீராகப் பற்ற வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே அக்காவின் தலைமுடி உலர்த்தும் கருவியால் நாலு பக்கமும் ஊதி, மொத்தக் கரியையும் பத்தே நிமிஷத்தில் செக்கச்செவேலென்று ஆக்கினேன். கீழே மூன்று காற்றுத்துளைகளும் கணக்குப்படி இரண்டு விரல் அகலம் திறந்திருந்தன. வேண்டிய சூடு நூற்றுப்பத்து டிகிரி. மூடியிலிருக்கும் மானி நூற்றெண்பதைத் தாண்டி நின்றது. இதைத் தொடக்கநிலை ஏற்றம் என்போம். ஐந்து கிலோ மாட்டு நெஞ்சுக்கறியைக் கம்பிவலை மேல் வைத்து, மூடியை மூடி, டீ குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது என் அப்பா, அதாவது உங்கள் மாமனார், மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து நின்றார்.

ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன். மனிதர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், பதில் தயாராக இருந்தது. "பானெட்டைத் திறந்து ஒரு தடவை பாத்தாத்தான்டா எனக்கு நிம்மதி. உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம ஒரு வண்டிய எப்படி ஓட்டுறது?" இது வண்டி இல்லை, ஓடவும் ஓடாது என்றேன். அதற்குத்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்தித்தாள் முன் உட்கார வைத்தேன். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் எழுந்து போனார். விளையாட்டுப் பக்கம் வந்தபோதுதான் கொஞ்சம் உட்கார்ந்தார்.

அடுத்தது உங்கள் மனைவி. அவளுக்கு இந்த டிரம் மேல் நம்பிக்கை இல்லை, தோற்க வேண்டும் என்றுதான் ஆசை, ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் பன்னிரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவளால் எதையும் கவனிக்காமல் விடவும் முடியாது. மணிக்கு ஒரு தரம் ரவுண்ட்ஸ் வந்தாள். மூடியைத் தூக்குவாள், வீங்கிய காலை அழுத்திப் பார்ப்பதுபோலக் கறியை ஒரு விரலால் அழுத்துவாள், அது எழும்புகிறதா என்று பார்ப்பாள், "இன்னும் இல்ல" என்பாள், போவாள். மூடியை ஒழுங்காக மூடிவிட்டாவது போகலாம். நோயாளிக்கு மூச்சு முட்டக் கூடாது என்பதுபோல ஒரு பக்கம் சாய்த்து வைத்துவிட்டுப் போவாள். பொறுக்க முடியாமல் கேட்டேன். "காலையில அட்மிட் பண்ணின கேஸை சாயங்காலம் வரைக்கும் யாரும் பாக்காம இருப்பாங்களா? அப்படிப் பாக்காம விட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?" என்றாள். கறி ஏற்கெனவே செத்துவிட்டது என்று நினைவூட்டினேன். அந்த அலட்சியம்தான் என்னிடம் அவளுக்குப் பிடிக்காததாம்.

இவ்வளவும் போதாதென்று மாடிவீட்டு டெய்லர் இறங்கி வந்தார். நாற்பது பள்ளிக்கூட யூனிஃபார்ம் சட்டை மாடியில் தொங்குகிறது, பிள்ளைகள் எல்லாம் புகைவாசனையோடு பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்பார்கள் என்று புகார். நியாயமான புகார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புகை எங்கிருந்து வருகிறது என்று உறுதிப்படுத்திக்கொள்ள அவர் மூடியைத் திறந்தார். முதல் தரம் புகாருக்காக வந்தார், இரண்டாம் தரம் புகார் சரிதானா என்று பார்க்க வந்தார், மூன்றாம் தரம் தட்டோடு வந்தார். யூனிஃபார்ம் சட்டைகளைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை இல்லை.

நான் எத்தனை முறை திறந்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் திறந்தது திறப்பு அல்ல, அளவீடு. மூடியிலுள்ள மானி காட்டுவது மூடியின் சூடு. கறிக்குப் பக்கத்தில் என்ன சூடு என்று தெரிய வேண்டாமா? எங்கள் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த வெப்பமானியின் கம்பி முனையைக் கறிக்குப் பக்கத்தில் வைத்து, எண் நிலையாக நிற்கும்வரை காத்திருந்து, மூடினேன். மூடி திறந்திருந்ததால் எண் நிலையாக நிற்கவே இல்லை. ஆகவே திரும்பத் திரும்ப அளக்க வேண்டியிருந்தது. சூடு அதிகமாக இருந்தபோது இறக்குவதற்காகத் திறந்தேன், அப்போது ஏறியது. இது வேறு விஷயம்.

பதினோரு மணிக்கெல்லாம் முதல் பாதி மூட்டை சாம்பல். கறியோ மேலே கருத்து, உள்ளே விரலை எதிர்த்து நின்றது. மீதிக் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும் என்று நான் ஒரு திட்டம் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா கம்பிவலையைக் கறியோடு ஓரமாக நகர்த்திவிட்டு, மூட்டையை இரண்டு கையாலும் தூக்கி, மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டார். "டேங்க்க ஃபுல் பண்ணிட்டேன், இனிமே கவலையில்ல" என்றார். மூட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டதுதான் முதல் வரியில் சொன்ன மிச்சம். அடியில் இரண்டு மூன்று துண்டு மட்டும் கங்காக இருந்தது, மேலே மலைபோல் கரிக் குவியல். மானி கீழே இறங்கிக்கொண்டே போனது.

அப்போதுதான் வாய்ச்சண்டை முற்றியது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்த லட்சணத்துலதான் அவர் கையில இருக்கிற வேலைய விட்டுட்டு வரப்போறாரா?"

"நீ ரவுண்ட்ஸ் வராம இருந்திருந்தா இந்நேரம் கறி வெந்திருக்கும்" என்றேன்.

"மாப்பிள்ளை இங்க இருந்திருந்தா வெந்திருக்கும்" என்றார் அப்பா.

"உங்க மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைக்கத் தெரியாதுப்பா. அதையும் நான்தான் வச்சுக் குடுக்கறேன்."

டெய்லர் சமாதானம் செய்ய வந்தார். "விடுங்கம்மா. எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் திறந்துட்டோம்" என்றார். அதுவே இன்று பேசப்பட்டதில் ஒரே உண்மை. அப்பா அவர் பக்கம் திரும்பி, "உங்கள யாரு கேட்டா? இது வீட்டுக்காரங்க விஷயம்" என்றார். டெய்லர் தட்டை மெதுவாகத் துணி துவைக்கும் கல் மேல் வைத்துவிட்டுப் படியேறிப் போனார். ஆறு வருஷமாக இங்கே குடியிருப்பவர். அக்காவுக்கு அது தாங்கவில்லை. அப்பாவிடம் பேசுவதில்லை என்று அங்கேயே அறிவித்தாள். அப்பா எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று என்னிடம் பேச்சை நிறுத்தினார். நான் இருவரிடமும் நிறுத்தினேன், கம்பிவலையைப் பழைய இடத்துக்குத் தள்ளி மூடியை அறைந்து சாத்தினேன், காலால் மூன்று காற்றுத்துளைத் தகடுகளையும் ஓங்கி உதைத்து மூடினேன், எரியட்டும் அணையட்டும் என்று விட்டேன். அக்கா பழைய இரும்புக்காரருக்கு ஃபோன் செய்தாள். ஆறு மணிக்கு வருகிறாராம்.

அதிலிருந்து வீடு இழவு வீடு மாதிரி இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து கொல்லைக்குப் போக ஒரே வழி, சமையலறை வழி. அங்கே அப்பா இருப்பாரோ என்று அக்கா போவதில்லை, அக்கா இருப்பாளோ என்று அப்பா போவதில்லை, இருவரும் இருப்பார்களோ என்று நான் போவதில்லை. மதியச் சாப்பாடு ஆளுக்கொரு பாக்கெட் பிஸ்கட், ஆளுக்கொரு அறை. நீங்கள் சொந்தத் தொழில் செய்ய நினைத்தது இந்தக் கும்பலை வைத்துக்கொண்டுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு மூடியை ஒரு பகல் மூடி வைக்கத் தெரியாதவர்கள் கடையை எப்படித் திறப்பார்கள்? ராஜினாமாவைக் கிழித்துப் போடுங்கள். எனக்கு உங்கள் மேல் வருத்தம் இல்லை. இரண்டு வருஷமாக அந்த டிரம்மைத் துடைத்துத் துடைத்து வைத்தீர்கள், கணக்குப் பிரிவில் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நேராகச் சொல்கிறேன். பொய் ஆறுதல் சொல்ல எனக்கு நேரமில்லை.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். வெந்நீர் வைக்க அங்கே யாராவது இருப்பார்கள் என நம்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடவும். பெரியவர்கள் ஆசியும் சிறியவர்கள் வணக்கமும் தெரிவிக்கச் சொல்லும் நிலையில் இங்கே யாரும் இல்லாததால், எல்லோர் சார்பிலும் நானே தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
நடுநிலை தவறாத
மைத்துனன்

பி.கு. மாலை 6.35. மேலே எழுதியதை அழித்திருக்கலாம். அவ்வளவும் ஒரு விரலால் தட்டியது, தவிர வசவுகள் எதுவும் பொய்யில்லை. ஆனால் முடிவு தப்பு.

பழைய இரும்புக்காரர் சொன்னபடி வந்தார். யாரும் யாரோடும் பேசாததால் யாரும் அவரோடு வரவில்லை. பக்கச் சந்து வழியாகத் தானே கொல்லைக்குப் போய், மூடியைத் தூக்கி, தூக்கியபடியே நின்று குரல் கொடுத்தார். "அம்மா, இதையும் சேத்தா எடை போடணும்?" ஓடினோம். மூன்று பேரும் சமையலறை வாசலில் முட்டிக்கொண்டோம். கறி பளபளவென்று, தொட்டால் பிரிந்து வருகிற மாதிரி. கீழே அப்பா கவிழ்த்த கரியில் பாதிக்கு மேல் எரியாமலே கிடக்கிறது. ஒரு மூலையில் பற்றிய கங்கு நிதானமாக அடுத்த துண்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. நான் உதைத்த தகடுகளில் ஒன்று முழுக்க மூடவில்லை, தீக்குச்சி அகலத்துக்கு இடைவெளி. இரண்டு விரல் என்று நான் போட்ட கணக்கைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். ஆறரை மணி நேரம் யாரும் மூடியைத் தொடவில்லை, அதுதான் விஷயம். தொடாததற்குக் காரணம் அறிவு அல்ல, கோபம்.

அக்கா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் மென்றாள். இரண்டாவது துண்டை ஒரு தட்டில் வைத்து மாடிக்குக் கொடுத்தனுப்பினாள். அப்புறம் சொன்னாள். "ஒரு தடவை நடந்தா அது தற்செயல். அடுத்த ஞாயிறும் இதே மாதிரி செஞ்சு காட்டு. அப்புறம் அவர் ராஜினாமா லெட்டரைக் குடுக்கலாம்." இரும்புக்காரர் டிரம்மை விட்டுவிட்டு இரண்டு கிலோ கறிக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அப்பா ஏற்கெனவே இரண்டு முறை மூடியைத் தூக்கிவிட்டார். நிலைமை மோசம். ஆகவே அடுத்த ஞாயிறு நான் செய்யப்போவது:

1. பெரிய துண்டுகளை அடியில் அடுக்கி, சிறியவற்றை இடுக்கில் திணித்து, ஒரே ஒரு மூலையில் மட்டும் பற்றவைப்பேன். உலர்த்தும் கருவியைத் தொட மாட்டேன்.

2. ஒரே ஒரு காற்றுத்துளையை, தீக்குச்சி அகலத்துக்கு மட்டும் விடுவேன்.

3. கறி ஏறியதும் அப்பாவிடம் போய், அவர் பஸ் ஓட்டிய காலத்தில் கிளட்ச் தேய்ந்ததற்கெல்லாம் அவர்தான் காரணம் என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள் என்பேன்.

4. டெய்லரிடம் அவர் தைத்த என் சட்டையில் ஒரு கை நீளம் என்பேன். உண்மைதான்.

5. அக்காவுக்கு இந்தக் கடிதத்தின் மேல்பாதியை அப்படியே அனுப்புவேன்.

6. பிறகு நீங்கள் ஃபோன் செய்தால் எடுப்பேன். என் படிப்பைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள், கூசாமல் சொல்லுங்கள். மற்ற மூன்று பேரையும்விட மூடியை அதிகம் திறந்தவன் நான்தான்; என்னை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.