காட்டிடம் சம்மதம் கேட்ட பயம் சேர்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிறவர்களின் பயத்தையெல்லாம் ஒரு தராசுத் தட்டிலும், எங்கள் 'பயம் சேரை' மறுதட்டிலும் வைத்தால், சேரின் தட்டுத்தான் நிலத்தில் இடிக்கும். பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சூழலியலும் பூர்வகுடிகள் பற்றிய பாடமும் எடுத்தவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டு இருக்கமாட்டார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் விரிவுரையை நிறுத்தி, யன்னலால் எட்டிப் பார்த்து, அது கடலில்தான் நிற்கிறது என்று உறுதி செய்தபிறகே தொடருவார்.

"பயமில்லாத ஆக்கள்தான் தம்பி, கடலோரக் கண்டல் காட்டை வெட்டி ஹோட்டல் கட்டினவை" என்பார். நான் அதையும் கொப்பியில் எழுதினேன். இறக்கக்கண்டியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்; சேர் தும்மினாலும் எழுதுவேன்.

ஒருமுறை கள ஆய்வுக்காக வெருகலுக்கு அங்கால், கரையோரப் பூர்வகுடிக் குடும்பங்களிடம் எங்களைக் கூட்டிப்போனார். வீட்டில் அம்மா சொன்னது ஒன்றுதான்: "படிச்சது போதும். முழுசாய் வந்து சேர்."

அங்கே தேனெடுக்கிற கண்ணகை அக்கா எங்களுக்கு வழிகாட்ட வந்தார். காட்டுக்குள் நுழையுமுன் இலைக்கொப்பு ஒன்றை முறித்து மரத்தில் தொங்கவிட்டு, காட்டிடம் அனுமதி கேட்டு ஒரு வார்த்தை முணுமுணுப்பது அவர்கள் வழக்கம். அரை நிமிட வேலை.

சேருக்கு அது போதவில்லை. கொப்பைத் தன் கையாலேயே தொங்கவிட்டார். பிறகு, ஆய்வுக்கு ஆட்களிடம் வாசித்துக் காட்டுகிற சம்மதப் பத்திரத்தை விரித்தார்.

"மனுசரிட்டயே சம்மதம் கேக்கிறம். காட்டிட்டக் கேக்காமல் போகலாமோ?"

வாசிக்கவும் தொடங்கிவிட்டார். "இந்த ஆய்வில் பங்குபற்றுவது உங்கள் சுயவிருப்பம்..."

"சேர், கெதியாய் முடியுங்கோ. பொழுது சாயுது. இது அவையள் தண்ணிக்கு வாற வழி" என்றார் அக்கா.

"ஆர் அவையள்?"

"இஞ்ச நிண்டு பேர் சொல்லப்படாது."

பயத்தில் சேர், எந்த வரியில் விட்டார் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். "விரும்பினால் எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம்" என்ற இடத்தில் முன்னாலிருந்த பற்றைப் புதர்தான் விலகியது. உள்ளே போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்த எங்களிடம் காடே வெளியே வந்துவிட்டது.

தனியன் யானை. இமைமயிர் தெரிகிற தூரம். மூச்சோடு சேற்று வாடை முகத்தில் அடித்தது.

"ஓடாதேங்கோ. ஓடினால் கலைச்சுக்கொண்டு வரும்" என்று உதடு அசையாமல் சொன்னார் அக்கா.

எல்லோரும் கல்லாகி நின்றார்கள். என் கால்களுக்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை. திரும்பினேன். நகர முடியவில்லை. என் சட்டையின் முதுகு சேரின் கைக்குள் இருந்தது.

"விடுங்கோ சேர்!"

"ஏலாது தம்பி. கை பூட்டிப்போச்சு."

"ஓடுவம் சேர்!"

"காலும்தான்."

யானை காதை விரித்தது. முன்காலால் புழுதியைத் தட்டியது. இறக்கக்கண்டிக்கு என்னைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோவதை நான் கண்ணால் கண்டேன். தும்பிக்கை நீண்டது. சேர் தொங்கவிட்ட கொப்பை எடுத்தது, ஆறுதலாக மென்றது, எங்களைத் தாண்டித் தண்ணீருக்குப் போய்விட்டது.

"சம்மதம் தந்திட்டார், சேர்" என்றார் கண்ணகை அக்கா. ஆனால் அன்று ஒருவரும் உள்ளே போகவில்லை.

திரும்பும் பஸ்ஸிலும் சேரின் கை என் சட்டையிலேயே இருந்தது. பெடியள் சிரித்தார்கள்.

"இன்னும் பூட்டித்தானோ, சேர்?" என்று நான் கேட்டேன்.

"ஓம். நீ ஓடியிருந்தால், உன்ர அம்மாவிட்ட ஆர் போய்ச் சொல்லுறது? அதை நினைச்சன், பூட்டிப்போச்சு."

பஸ் கட்டைபறிச்சானைத் தாண்டியது. அவர் கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.