ஏச்சுக்காகக் காத்திருந்த அப்போதிக்கரி

“...அதுவும் ஏலாட்டி ‘சீ’ எண்டாவது சொல்லும் தங்கச்சி. நான் இஞ்சைதான் நிக்கிறன்.”

கட்டிலில் கிடந்த என் மனைவியின் காதருகே குனிந்து இப்படி மன்றாடியவர், ‘ஏச்சுவாங்கி’ என்று எங்கள் தீவு முழுக்கப் பெயர் பெற்ற அப்போதிக்கரி. எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவரும் டொக்டரும் அவர்தான். உலகத்து வைத்தியர்கள் எல்லோரும் கும்பிடு வாங்குவார்கள். ஏச்சு வாங்குவதற்கென்றே படித்து வந்தவர் இவர் ஒருவர்தான்.

நஞ்சு உள்ளே போன ஆளைக் கொண்டுவந்தால் வயிற்றைக் கழுவுவார், ஊசி போடுவார், கண்மணியைப் பார்ப்பார், நாடியைப் பிடிப்பார். எல்லாம் முடிந்ததும் வம்புக்கு இழுப்பார். ஏசுகிறவன் பிழைப்பான் என்பது அவர் கணக்கு. “ரோசம் வந்திட்டுதெண்டால் உயிர் வீட்டுக்கு வந்திட்டுது,” என்பார்.

அல்லைப்பிட்டியில் வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி ஒருவர் நஞ்சுள்ள பேத்தை மீனைத் தின்று நாக்கு மரத்துக் கிடந்தார். “உம்மட வள்ளத்தை ஆட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டியாக்கினால் நல்லது,” என்றார் இவர். சம்மாட்டி விட்ட வசவில் பக்கத்துக் கட்டில்காரனுக்குக் காய்ச்சலே இறங்கிவிட்டது. “ஆள் தப்பீட்டார், கஞ்சி குடுங்கோ,” என்று இவர் சந்தோஷமாக அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்த நாளில் ஆஸ்பத்திரி மருந்துக்குப் போத்தலை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். எல்லா வீட்டிலும் கிடந்தது சாராய அரைப்போத்தல்தான். எங்கள் குசினி யன்னலில் மனைவியின் இருமல் மருந்து அப்படியொரு போத்தலில் இருந்தது. புகையிலைக்கு அடிக்கிற பூச்சிமருந்தை அவளுடைய தமையன் இன்னொன்றில் ஊற்றி, அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு வெற்றிலை போடப் போயிருந்தார். அவள் மாறி எடுத்துக் குடித்துவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், சுருவிலில் பிறந்த அவள் ஆட்டைக்கூட ‘வாங்கோ’ என்று கூப்பிடுகிறவள். ஏச்சுவாங்கி அவள் சமையலைப் பழித்தார். சுருவில் கிணற்றுத் தண்ணீரைப் பழித்தார். தமையனைப் பழித்தார். வாயிலிருந்து நுரை வழிந்ததே தவிரச் சொல் வரவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பும் மெல்ல வற்றியது.

“ஐயா, அவளுக்கு ஏசத் தெரியாது,” என்றேன்.

“அப்ப நீர் இவ்வளவு நாளும் என்ன செய்தனீர்?” என்று என்மேல் பாய்ந்தார்.

இன்னோர் ஊசி போட்டார். காத்திருந்தார். கடைசியில் என்னைக் காட்டினார். “தங்கச்சி, உம்மட மனுசன் ஒண்டுக்கும் உதவாத ஆள். ஊர் முழுக்கக் கதைச்சுக்கொண்டு திரியிறதை விட்டால் வேற என்ன தெரியும்?”

அவள் உதடு அசைந்தது.

“ஓம்.”

“ஐயா, ஓம் எண்டு ஒத்துக்கொண்டது ஏச்சில்லையே?” என்றேன்.

“ஏச்சுத்தான். எனக்கில்லை, உமக்கு. ஆள் தப்பீட்டா.”

அன்று திறந்த அவள் வாய் இன்றுவரை மூடவில்லை. ஒவ்வோர் ஏச்சுக்கும் மனதுக்குள் அவரைக் கும்பிடுகிறேன். அன்று அவர் அவளுடைய நாடியைப் பிடித்த கையை விடாமலே, மற்றக் கையால் கதிரையை இழுத்து என்னை அதில் இருத்தி, என் நடுக்கம் நிற்கும்வரை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.