மர்பி டவுனிலிருந்து மஸ்கட்டுக்கு, கேப்டன் நான்

விமானத்துக்கு ஆபத்து வந்தால் கேப்டன் கடைசி ஆளாகத்தான் வெளியேற வேண்டும் என்பார்கள். நான் முதல் ஆளாக வெளியேறியவன். பெற்ற தாயை உள்ளேயே விட்டுவிட்டு. ஒரே ஆறுதல், அந்த விமானம் அப்போது பெங்களூர் மர்பி டவுனில், எங்கள் வீட்டு முன்னறையில், மேஜைமேல் இருந்தது.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. ஆறு மாத கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்திருந்தேன். அதனால் கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. (தெரிந்தது என்ன என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.) அக்கா சுமதி கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். தலைப்பிரசவம். அப்பா காலமாகி நான்கு வருஷமாகியிருந்தது. அம்மாதான் போயாக வேண்டும். பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது, டிக்கெட்டும் வந்தது. அம்மாவுக்குத் தைரியம் மட்டும் வரவில்லை.

எங்கள் தெருவுக்கு விமானம் புதிதல்ல. அப்போது ஏர்போர்ட் தொம்மலூரைத் தாண்டியதும் இருந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நிமிர்ந்தால் விமானத்தின் வயிறு தெரியும்.

"தினமும் பாக்கிறதுதானேம்மா?" என்றால், "எருமையையும்தான் தினமும் பாக்கிறேன். அதுக்காக ஏறி உக்காந்துப்பேனா?" என்பாள் அம்மா.

இந்த இடத்தில்தான் என் அறிவு குறுக்கே பாய்ந்தது. என் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் இருந்தது. விமானி அறையில் உட்கார்ந்து நிஜமாகவே ஓட்டுவது போன்ற விளையாட்டு. அதில் அம்மாவை ஒரு சுற்று அழைத்துப் போனால் பயம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். மேஜை முன்னால் உட்காரவைத்து, "பாரும்மா, சர்ருனு போகும்" என்றேன்.

நொடிக்கு முப்பது படமாவது காட்டினால்தான் விமானம் பறப்பது போலிருக்கும். என் பழைய பெட்டி மூன்று காட்டியது. விமானம் ஓடுபாதையில் நின்றது, யோசித்தது, ஒரு முழம் நகர்ந்தது, மறுபடி நின்றது. ஆகாயத்தில் ஏறிய பிறகும் அதே கதைதான்.

"ஏன்டா, மேல போயும் இப்படித்தான் நின்னு நின்னு போகுமா?"

"இது கம்ப்யூட்டர் பிரச்சினைம்மா."

"நெஜ பிளேனையும் கம்ப்யூட்டர்தான் ஓட்டுதுன்னு நேத்து நீதானே சொன்னே?"

மறுநாளே மஸ்கட்டுக்குச் செய்தி போய்விட்டது: அம்மா வரமாட்டாள். அக்கா போனில் அழுதாள். அழுது முடித்துவிட்டு என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

"பாதி பயத்துல இருந்தவங்கள முழு பயத்துக்கு ஏத்திவிட்டது நீதான்டா. அம்மா வரலைன்னா ஆஸ்பத்திரியில நான் ஒத்தையா கிடக்கணும். என்ன பண்ணுவியோ தெரியாது, நீயே சரி பண்ணு."

சரி பண்ண எனக்குத் தெரிந்த ஒரே வழி எஸ்.பி. ரோடு. கம்ப்யூட்டரின் எந்த உறுப்பும் அந்தச் சந்துகளில் கிடைக்கும்.

முதலில் மெமரி வாங்கினேன், இருந்ததைப்போல் நான்கு மடங்கு. விளையாட்டு சீக்கிரமாகத் திறந்தது. திறந்த பிறகு அதே மூன்று படம். (படம் வரைபவன் கை மெதுவாக ஓடும்போது அவனுக்குப் பெரிய மேஜை வாங்கிக் கொடுத்து என்ன பயன்?) வரைகிற வேலை கிராபிக்ஸ் கார்டுடையது என்று அப்புறம்தான் உறைத்தது. அட்டைப் பெட்டியில் நெருப்புக் கக்கும் டிராகன் படம் போட்ட ஒரு கார்டை, அந்த டிராகனின் முகத்தை மட்டுமே நம்பி வாங்கி வந்தேன். வீட்டில் பெட்டியைத் திறந்தால் அதைச் சொருக இடமே இல்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, கடைக்கே திரும்ப எடுத்துப் போனேன். கடைக்காரர் பாஷா பாய் கார்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கியா சாப், உங்க போர்டுல இதுக்கு ஸ்லாட்டே கிடையாதே. எங்க சொருகப் பாத்தீங்க?"

"எல்லா இடத்துலயும்."

"பெட்டியத் தொறந்து பாத்துட்டு கார்டு வாங்கணும் சார். நீங்க கார்டு வாங்கிட்டுப் பெட்டியத் தொறக்கிறீங்க."

கார்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். மானஸ்தன், கொடுக்கவில்லை. கார்டுக்கு ஏற்ற போர்டு வாங்கினேன். அந்த போர்டில் பழைய புராசஸர் உட்காரவில்லை, புதுசு வாங்கினேன். புதிய புராசஸருக்குப் பழைய பவர் சப்ளை பத்தவில்லை, அதையும் மாற்றினேன். பொத்தானுக்காகச் சட்டையை மாற்றி, சட்டைக்காக ஆளையே மாற்றிய மாதிரி ஆயிற்று. கடைசியில் பழைய கம்ப்யூட்டரில் மிஞ்சியது வெளிப்பெட்டியும், போன ஆயுத பூஜைக்கு அம்மா அதன் நெற்றியில் வைத்த குங்குமமும்தான்.

ஆனால் ஓடியதே! நொடிக்கு முப்பத்தைந்து படம். விமானம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போனது. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது. ஒரே குறை, புராசஸர் அடுப்பாகக் கொதித்தது. நான் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ஜுரக்காரக் குழந்தைக்கு விசிறுவது போல டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்தேன்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. அம்மா அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைப்பவள். முதல் மரியாதை தையல் மிஷினுக்கு. பிறகு கத்தரிக்கோல், மிக்ஸி, என் ஸ்கூட்டர், கடைசியாகக் கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். பூஜை நாளில் கருவிகளைத் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமியில் தொட்டால் ஜெயம். ஆகவே என் விமானம் விஜயதசமி காலை பத்து மணிக்குக் கிளம்புவதாக அறிவித்தேன். மானிட்டருக்கு வைத்திருந்த பொட்டை ரசித்தேன். சுவர்ப்பக்கம் திறந்து கிடந்த பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

பயணிகள் இருவர். பட்டுப்புடவையில் அம்மா, கையில் ஜெபமாலையோடு கீழ்வீட்டு மேரி ஆன்ட்டி. நான் வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. (சத்தியமாக.) பெல்ட்டுக்குப் பதில் அம்மாவை நாற்காலியோடு சேர்த்து என் துண்டால் ஒரு கட்டு.

விமானம் ஓடியது, எழும்பியது, ஒரு சிணுங்கல் இல்லை.

"அட! அது அல்சூர் ஏரியாடா?"

நீலமாக ஏதோ ஒரு சதுரம் தெரிந்தது. "ஆமாம்மா" என்றேன்.

வேகத்தைப் பல மடங்காக்கினேன். அரபிக் கடல் வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. "இவ்வளவுதானா?" என்று அவள் வாய் எடுத்த நேரத்தில் விமானம் நின்றது.

நடுவானத்தில், கடலுக்கு மேலே, ஆணி அடித்த காலண்டர் போல நின்றது. ஸ்பீக்கரில் "ட்ர்ர்ர்ர்ர்" என்று விடாத சத்தம். அதோடு ஒரு வாசனை: பாதி சந்தனம், பாதி தீய்ந்த வயர். மேரி ஆன்ட்டி சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்.

அந்த நொடியில் கேப்டன் என்ன செய்திருக்க வேண்டும்? சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். கேப்டன் செய்தது வேறு. பெட்டி வெடிக்கப் போகிறது என்று முடிவுகட்டி, வாசலைத் தாண்டி, ஏழு படிகளை ஒரே படியாக நினைத்து இறங்கி, தெருக்குழாய் வரை ஓடினேன். அங்கே நின்றுகொண்டுதான், "எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன். கையில் விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக் இருந்தது. பிடுங்கிக்கொண்டு வந்த அதன் வயர் பின்னால் வால் மாதிரி கிடந்தது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் என் டையைப் பார்த்தார்கள்.

அம்மாவைத் துண்டால் கட்டிவைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினேன்.

உள்ளே சத்தம் அடங்கியிருந்தது. துண்டு அவிழ்ந்து கிடந்தது. அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே குனிந்து, கொண்டை ஊசியால் பெட்டிக்குள்ளிருந்து எதையோ கவனமாக இழுத்துக்கொண்டிருந்தாள். கருகின சாமந்திச் சரம்.

"பெட்டிக்குள்ள இந்தக் குட்டிக் காத்தாடி நடுவுல வட்டமா ஒரு இடம் இருந்துச்சு. பொட்டு வெக்கத்தான் விட்டிருக்கான்னு வெச்சேன். மேல பூவும் வெச்சேன். உன் டேபிள் ஃபேன் அதை உள்ள தள்ளி, காத்தாடி சிக்கி நின்னுடுச்சு."

"நீ ஏம்மா வெளிய ஓடி வரல?"

"எதுக்கு ஓடணும்? மிஷின்ல நூல் சிக்குனா ஓடிடுவேனா? காலை எடுப்பேன், நூலை எடுப்பேன், மறுபடி மிதிப்பேன். சும்னே மரமாட்டம் நிக்காதே, போட்டுப் பாரு."

மேரி ஆன்ட்டி ஜெபமாலையை மடித்தபடி கேட்டார்: "பாசெஞ்சரெல்லாம் உள்ள இருக்கோம் தம்பி. நீ மட்டும் எங்கப்பா லேண்ட் ஆனே?"

சூடு ஆறட்டும் என்று சற்றுப் பொறுத்துப் போட்டேன். ஓடியது! என் புராசஸர் சாகவில்லை. (டிராகனை விடுங்கள், இதைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான்.) விஜயதசமியில் எடுத்த காரியம் பாதியில் நிற்கக் கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். மறுபடி பெங்களூரிலிருந்து கிளம்பி, மஸ்கட்டில் அலுங்காமல் இறக்கினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு லேண்டிங் அமைந்ததில்லை. கைதட்டுக்காகத் திரும்பிப் பார்த்தால், அம்மா பரணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டுறவனே ஓடிட்டான். நான் உக்காந்துதானே இருந்தேன்? அப்புறம் என்ன பயம் எனக்கு. அந்த சூட்கேஸ இறக்கு."

இரண்டு வாரம் கழித்துத் தனியாக விமானம் ஏறினாள். வழியில் விமானம் குலுங்கியிருக்கிறது. பக்கத்து சீட்டுப் பெண் பயந்து கண்ணை மூடிக்கொள்ள, எங்கள் அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "ஒண்ணும் ஆகாதும்மா, கார்டு கொஞ்சம் ஸ்லோ" என்றிருக்கிறாள். அக்காவுக்குப் பெண் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது அவள்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் போனாலும், குக்கர் சீறினாலும், லிஃப்ட் நின்றாலும், "கேப்டன் வெளிய வந்துட்டாரா?" என்ற கேள்விதான் முதலில் வரும். மஸ்கட்டில் பிறந்த அந்தப் பெண் தன் கல்யாண வீட்டில் மேளச் சத்தத்தையும் மீறி அதைக் கேட்டாள்.

போன வருஷம் அம்மாவோடு விமானத்தில் போனேன். மேகத்துக்குள் நுழைந்ததும் விமானம் ஒரு குதி குதித்தது. நான் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தேன். (கதவு எந்தப் பக்கம் என்று பார்த்ததை மறைப்பதற்கில்லை.) அம்மா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கொண்டைக்குள் விரலை விட்டு ஊசியை உருவி, என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"உக்காருடா கேப்டன். இருக்கேன்ல."